மெடல் பக்கத்துல இல்லாத போர் மெடிக்கல் பக்கத்துல இருக்கே ஐயா

ரெக்கார்ட் ஆபீஸ் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

போன மாசம், பட்டாளத்தாரோட சர்வீஸ் ரெக்கார்ட வெச்சிருக்கற உங்க ஆபீஸ்ல இருந்து, 71 பாகிஸ்தான் போர்ல அடிபட்ட எங்க அப்பா பேருக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. மூணே வரி. இருக்கற ரெக்கார்டுல நீங்க கேக்கற மெடலுக்கு என்ட்ரி இல்ல, கேக்கறதா இருந்தா சர்வீஸ்ல இருக்கும்போதே கேட்டிருக்கணும், இந்த விஷயம் இதோட முடிச்சு வைக்கப்படுது. அப்பாவுக்கு சின்ன எழுத்து இப்ப தெரியறதில்ல, என்னை படிக்க சொன்னார், படிச்சேன், இன்னொரு தடவ படினு சொன்னார், படிச்சேன். எதுவும் பேசல, எழுந்து போய் மாட்டுக்கு தண்ணி வெச்சுட்டு வந்து படுத்துட்டார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அவர் பேசாம இருந்துடுவார் ஐயா, பட்டாளத்துல அப்படித்தான் பழக்கி இருக்காங்க. நான் பட்டாளத்துல இருந்தவ இல்ல, அதனால எழுதறேன்.

உங்க ஆபீஸ் பேரையோ அப்பாவோட ரெஜிமென்ட் பேரையோ இங்க போடல. ஃபைல் நம்பர் போட்டு தனியா உங்களுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு. பொதுவுல எழுதறதுக்கு காரணம் இதே மூணு வரி வேற வேற ரெஜிமென்ட்ல இருந்த வேற வேற கிழவர்களுக்கும் வந்திருக்கு, எங்க பக்கத்துலயே ரெண்டு பேர எனக்கு தெரியும்.

நாங்க வேலூர் பக்கம். இந்தப் பக்கம் எந்த ஊர எடுத்தாலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்தார் வீடு இருக்கும், கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைனே கூப்பிடற ஜில்லா இது. அப்பா 1966ல 19 வயசுல சேர்ந்தார், டிரைவர் டிரேடு, 17 வருஷம் சர்வீஸ் முடிச்சு 1983ல நாயக் ரேங்க்ல வெளிய வந்தார். கையில கொண்டு வந்தது ஒரு கறுப்பு டிரங்க் பெட்டி, ஒரு கம்பளி, சர்வீஸ் விவரம் எழுதின ஒரு டிஸ்சார்ஜ் புக். அந்த புக்க அம்மா மஞ்சப்பையில சுத்தி அரிசிப் பானைக்கு மேல இருக்கற பரண்ல வெச்சிருந்தா. மழை ஒழுகினா முதல்ல அந்தப் பையத்தான் எடுப்பா, அப்புறம்தான் எங்கள எழுப்புவா. அவ்ளோ பத்திரம். ஆனா அதுக்குள்ள என்ன எழுதி இருக்குனு அவளுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது, அப்பாவும் பென்ஷன் வந்துச்சா கேன்டீன் கார்டு வந்துச்சானு பாத்ததோட சரி.

2021ல தான் தெரிஞ்சுது. 71 போரோட 50வது வருஷம்னு ஊர் ஊரா ஜோதி எடுத்துட்டு போனாங்க இல்ல, அந்த சமயத்துல எங்க பக்கத்துலயும் ஒரு விழா, போர்ல கலந்துகிட்டவங்களுக்கு பொன்னாடை போத்தறாங்கனு சொன்னாங்க. அப்பா பீரோல இருந்து பிளேசர எடுத்து அவரே அயர்ன் பண்ணினார், இருக்கற ரெண்டு மெடல புளி போட்டு தேய்ச்சு குத்திக்கிட்டார், விடிகாலைல கிளம்பிட்டோம். அங்க ஒரு டேபிள்ல உக்காந்திருந்த தம்பி டிஸ்சார்ஜ் புக்க வாங்கி புரட்டி பாத்துட்டு, "தாத்தா இதுல பூர்வி ஸ்டாரும் இல்ல பஸ்சிமி ஸ்டாரும் இல்லையே, நீங்க 71ல வேற எங்கயாவது இருந்திருப்பீங்க, பின்னாடி வரிசைல உக்காருங்க"னு சொல்லிட்டான். பூர்வி கிழக்கு முனை மெடல், பஸ்சிமி மேற்கு முனை மெடல். அந்தத் தம்பி மேல கோவம் இல்ல, அவன் கையில இருக்கற லிஸ்ட்ட பாத்தான், லிஸ்ட் உங்க ரெக்கார்ட பாத்து போட்டது. அப்பா பின்னாடி வரிசைல போய் உக்காந்தார். மேடைல பேர் கூப்பிட கூப்பிட எல்லாருக்கும் கை தட்டினார், நான் பக்கத்துல உக்காந்து அவர் கையையே பாத்துட்டு இருந்தேன்.

வேற எங்கயோ இருந்திருப்பீங்கனு சொன்னாங்களே, எங்க இருந்தார்னு சொல்றேன்.

1971 டிசம்பர் 3ம் தேதி போர் ஆரம்பிச்சப்போ அவர் யூனிட் ஜம்மு பக்கம், ஷகர்கட் செக்டார்ல. ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணி வெடி புதைச்ச பூமி, இஞ்சினியர்காரங்க வெடிய எடுத்துட்டு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டி விடுவாங்களாம், அந்த நாடாவுக்கு நடுவுல மட்டும்தான் வண்டி போகணும், லைட் போடக்கூடாது. சக்திமான் லாரில பின்னாடி பூரா குண்டு பெட்டி, முன்னாடி கிளீனர் ஸ்தானத்துல இருக்கறவன் எறங்கி நாடாவ கையால தொட்டுட்டே நடப்பான், அவன் முதுக பாத்து இவர் வண்டிய நகத்துவார். இப்படி நாலு ராத்திரி. டிசம்பர் 10ம் தேதி ராத்திரி வெத்து வண்டி திரும்பி வரும்போது ஷெல் விழுந்துச்சு. முன்னாடி நடந்தவர் அங்கயே போய்ட்டார், அவர் பேர அப்பா இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட முழுசா சொன்னதில்ல. அப்பாவுக்கு இடது தொடைல மூணு இடத்துல தகடு பாய்ஞ்சுது. பீல்டு ஆஸ்பத்திரி, அங்கிருந்து பதான்கோட், அப்புறம் வேற பெரிய ஆஸ்பத்திரினு நாலு மாசம். டிசம்பர் 17ம் தேதி ராத்திரி 8 மணிக்கு சண்டை நின்னதுனு வார்டு ரேடியோல கேட்டதா சொல்வார், பக்கத்து பெட்காரர் ரொட்டிய தூக்கி மேல போட்டு பிடிச்சாராம்.

இது அப்பா சொல்ற கதைனு நீங்க சொல்லலாம். சரி, கதைய விடுங்க. உங்க எழுத்த மட்டும் பாப்போம்.

தகவல் உரிமை சட்டத்துல 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வெச்சு அப்பா பேர்ல ஷீட் ரோல், அதாவது உங்க ஆபீஸ்ல இருக்கற சர்வீஸ் பதிவோட காப்பி கேட்டோம், அது மட்டும் 28வது நாள் வந்துடுச்சு, அதுக்கு உண்மையாவே நன்றி. அதுல மெடல் பக்கத்துல ரெண்டே என்ட்ரி. ஒண்ணு 1968ல இருந்து நேஃபா, இப்ப அருணாச்சல், அந்தப் பக்கம் இருந்ததுக்கு சைன்ய சேவா மெடல். இன்னொண்ணு 25வது சுதந்திர ஆண்டு மெடல். அவ்ளோதான், கீழ பேனால ஒரு கோடு. ஆனா ரெண்டு பக்கம் தள்ளி மெடிக்கல் பக்கத்துக்கு வாங்க ஐயா. அங்க இங்க்ல தெளிவா இருக்கு, ஷெல் தகடு பட்ட காயம், இடது தொடை, 10 டிசம்பர் 1971. ஆஸ்பத்திரில சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, ஒரு டாக்டர் கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். எங்க வீட்டுல ஸ்டாம்ப் இல்ல, உங்க ஸ்டாம்ப்தான்.

இப்ப நீங்களே சொல்லுங்க, 71 டிசம்பர் 10ம் தேதி ஷெல் தகடு ஒருத்தர் தொடைல எங்க இருந்து பாயும். போர்முனைல இல்லாதவருக்கு வேலூர் பஸ் ஸ்டாண்ட்லயா பாய்ஞ்சுது. மேற்கு முனைல அந்தப் போர்ல இருந்தவங்களுக்குத்தான பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் இன்னும் பரவலா கொடுத்தது, ஜம்மு காஷ்மீர், பஞ்சாப்னு போர் நடந்த பகுதில 3 டிசம்பர் 1971ல இருந்து 20 டிசம்பர் 1972 வரைக்கும் சர்வீஸ்ல இருந்தவங்களுக்கு. சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் பிடிச்ச இடத்த விட்டு படை திரும்பி வந்து முடிஞ்சது அந்த 20 டிசம்பர்தான், அதனாலதான் அந்த தேதி. அந்த ஒரு வருஷத்துல அப்பா ஒண்ணு போர்முனைல இருந்தார் இல்ல ஆஸ்பத்திரில இருந்தார் இல்ல திரும்ப டூட்டில இருந்தார். 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கு சர்வீஸ்ல இருந்தார்னு 25வது ஆண்டு மெடல் கொடுத்து நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

காயத்துக்கு இருக்கற மெடல் தனி. 1973ல ஆரம்பிச்சாங்க, ஊண்ட் மெடல், பராக்கிரம் பதக்னும் சொல்வாங்க. 71ல காயம் பட்டவங்க அத போட்டிருக்கறத நானே பாத்திருக்கேன். எதிரி நேரடியா தாக்கி காயம் பட்டிருக்கணும்ங்கறதுதான் விதி, ஷெல் வேற யாரோட ஷெல்லுனு நினைக்கறீங்க. 17 வருஷம் சர்வீஸ் பண்ணவருக்கு 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல் கூட என்ட்ரி இல்ல, அது சின்ன விஷயம்னு அப்பா சொல்றார், நான் அதையும் கேக்கறேன்.

எப்படி விட்டுப்போச்சுனு நான் கண்டுபிடிச்சத சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஆஸ்பத்திரில நாலு மாசம் இருந்ததால பழைய யூனிட் ஸ்ட்ரெங்த்ல, அதாவது ஆள் கணக்குல இருந்து பேர எடுத்துட்டாங்க. வெளிய வந்ததும் வேற யூனிட்டுக்கு போஸ்டிங். அப்புறம் மெடல் வந்தப்போ பழைய யூனிட் தன்கிட்ட இருந்தவங்க பேர மட்டும் பார்ட் டூ ஆர்டர்ங்கற யூனிட் உத்தரவுல போட்டு உங்க ஆபீஸுக்கு அனுப்பிச்சு, புது யூனிட் நம்ம ஆள் நம்மகூட சண்டைல இல்லையேனு விட்டுச்சு. அடிபடாம நின்னவனுக்கு மெடல் ஏறிடுச்சு, அடிபட்டு விழுந்தவன் ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல விழுந்துட்டான். இதுல கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லனு எனக்கு தெரியும், அந்த காலத்துல டைப் அடிச்சு கார்பன் போட்டு லட்சக்கணக்கான பேருக்கு எழுதினாங்க, விட்டுப்போகும். விட்டுப்போனது தப்பு இல்ல ஐயா, காட்டின அப்புறமும் முடிச்சாச்சுனு சொல்றதுதான் தப்பு.

பேர் தகராறு வேற. நம்ம ஊர்ல இனிஷியல் ஒண்ணு பேர் ஒண்ணு, அவ்ளோதான். சேரும்போது எழுதினவருக்கு சர்நேம் இல்லாம ஒரு மனுஷன் எப்படி இருப்பான்னு புரியல போல, அப்பா பேர ரெண்டா ஒடச்சு பின்பாதிய சர்நேம் ஆக்கிட்டார். ஷீட் ரோல்ல ஒரு மாதிரி, பென்ஷன் பேப்பர்ல ஒரு மாதிரி, ஆஸ்பத்திரி பேப்பர்ல தாத்தா பேர் முன்னாடி வந்துடுச்சு. முதல் மனுவுக்கு நீங்க சொன்ன பதில் பேர் ஒத்துப்போகலங்கறதுதான். ஆனா ஆர்மி நம்பர் எல்லாத்துலயும் ஒண்ணுதான், ஒரு எழுத்து மாறல. பென்ஷனுக்கு ஸ்பர்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் ஆன்லைன் சிஸ்டத்துல ஏத்தும்போது அந்த நம்பர வெச்சு அவர அடையாளம் தெரிஞ்சுது, வருஷா வருஷம் நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும்போதும் தெரியுது, மெடல்னு கேட்டா மட்டும் நீ யாருங்கறீங்க.

ரெண்டாவது மனுவுக்கு ஏழு மாசம் கழிச்சு வந்த பதில்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. மெடல் வழங்கின பார்ட் டூ ஆர்டரோட காப்பிய இணைச்சு அனுப்பவும்னு இருந்துச்சு. ஐயா பார்ட் டூ ஆர்டர் யூனிட் போட்டு உங்களுக்கு அனுப்பறது. அது உங்க ஆபீஸ்ல இருக்கணும், எங்க பரண்ல எப்படி இருக்கும். அதுவும் அந்த ஆர்டர்ல அவர் பேர் விட்டுப்போச்சுங்கறதுதான் எங்க புகாரே, பேர் இருக்கற காப்பி இருந்தா நான் எதுக்கு உங்களுக்கு எழுதறேன். குளத்துல விழுந்த மோதிரத்த தேடித்தாங்கனு கேட்டா, மோதிரத்த கொண்டு வந்து காட்டு தேடறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

மூணாவதா சாட்சி கேட்டீங்க. கூட இருந்தவங்கள தேடினேன். பாதி பேர் இல்ல, இருக்கறவங்கள்ல பாதி பேருக்கு ஞாபகம் இல்ல. கடைசில பாலக்காடு பக்கம் ஒருத்தர் கிடைச்சார், அதே யூனிட், அதே கம்பெனி, அப்பாவ அன்னைக்கு ராத்திரி ஸ்ட்ரெச்சர்ல தூக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 80 வயசு, கை நடுக்கம், நோட்டரி முன்னாடி உக்காந்து அஃபிடவிட்ல கையெழுத்து போட்டார். அவரோட டிஸ்சார்ஜ் புக் காப்பியும் கொடுத்தார், அதுல பஸ்சிமி ஸ்டார் இருக்கு, சங்கிராம் மெடல் இருக்கு. ஒரே யூனிட், ஒரே தேதி, ஒருத்தர் தூக்கினார் ஒருத்தர் தூக்கப்பட்டார், தூக்கினவருக்கு ஸ்டார் இருக்கு. போன்ல ரெண்டு பேரும் 40 வருஷம் கழிச்சு ஹிந்தில பேசிக்கிட்டாங்க, அப்பா ஹிந்தில சிரிச்சு நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அந்த அஃபிடவிட் கிடைச்சுதுன்னு கூட நீங்க அனுப்பின மூணு வரில இல்ல.

தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். கன்டோன்மென்ட் பக்கம் கடைல எல்லா மெடலும் கிடைக்கும், சில நூறு ரூபா, வாங்கி குத்திக்கிட்டு போங்க யார் கேக்க போறா. சொன்னவர் நல்ல எண்ணத்துலதான் சொன்னார், மெடல் வந்து சேராம சர்வீஸ்ல இருக்கற ஜவானே கடைல வாங்கி போட்டுக்கறது உண்டு. ஆனா அது புக்ல என்ட்ரி இருக்கறவன். அப்பா அவர பாத்த பார்வைல அவர் டீ கூட குடிக்காம கிளம்பிட்டார். புக்ல இல்லாதத நெஞ்சுல போட்டா அது திருட்டுனு அப்பா சொன்னார். இவ்ளோ ஒழுங்கா விதிய மதிக்கற ஆள்கிட்டத்தான் நீங்க விதி பேசறீங்க.

சர்வீஸ்ல இருக்கும்போதே கேட்டிருக்கணும்னு எழுதி இருக்கீங்க. ஒரு நாயக் போய் எனக்கு மெடல் கொடுங்கனு சுபேதார் சாப் முன்னாடி நிக்க முடியுமா ஐயா, நீங்களும் அங்க இருந்து வந்தவர்தான, உங்களுக்கு தெரியாதா. கேட்டு வாங்கறதுக்கு பேர் மெடல் இல்லனுதான் அவங்கள வளத்தாங்க.

இதுல காசு ஒண்ணும் இல்லங்கறதயும் சொல்லிடறேன், ஏன்னா மனுல எங்கயும் நாங்க பணம் கேக்கல. இந்த ஸ்டாருக்கும் மெடலுக்கும் மாசாமாசம் எதுவும் வராது. பென்ஷன் வருது, அது போதும்னு அப்பா சொல்றார்.

வேலூர் லாங் பஜார்ல ஒரு பழைய மணிக்கூண்டு இருக்கு. அதுல வெள்ளக்காரன் காலத்து கல் ஒண்ணு, இந்த ஊர்ல இருந்து 277 பேர் பெரிய போருக்கு போனாங்க, அதுல 14 பேர் உயிர விட்டாங்கனு வெட்டி இருக்கு. முதல் உலகப்போர். பேர் கூட கிடையாது, வெறும் கணக்கு. சின்ன வயசுல பஜாருக்கு போனா அப்பா அந்த கல்லு கிட்ட ஒரு நிமிஷம் நிப்பார், நான் பலகாரக் கடை பக்கம் இழுப்பேன். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, சந்தைக்கடை சத்தத்துக்கு நடுவுல அந்த கணக்கு இன்னும் நிக்குது. அது நமக்கு அந்நியன் வெச்ச கணக்கு. நம்ம ராணுவம் நம்ம ஆளுக்கு வெச்ச கணக்கு ரெண்டு பக்கத்துக்கு நடுவுல தொலஞ்சு போச்சுனா நான் யார்கிட்ட போய் சொல்வேன்.

ஆயுதப்படை தீர்ப்பாயம் சென்னைலயே இருக்கு, போடுங்க ஜெயிக்கலாம்னு வக்கீல் சொல்றார். போடலாம்தான். ஆனா 78 வயசுல அவர எந்த ராணுவத்துக்கு எதிரா மனுதாரரா நிக்க சொல்றது, தூங்கும்போது கூட கை நேரா வெச்சு தூங்கற ஆள். அவர் ஒத்துக்க மாட்டார். அந்த தைரியத்துலதான் மூணு வரில முடிச்சீங்களோனு கூட சில நாள் தோணுது, அப்படி இருக்காதுனு நினைச்சுக்கறேன்.

நான் கேக்கறது இதுதான். முடிச்சு வெச்ச ஃபைல திறங்க. உங்ககிட்ட இருக்கற ஷீட் ரோலோட மெடல் பக்கத்தையும் மெடிக்கல் பக்கத்தையும் ஒரே ஆள் ஒரே நேரத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சு படிக்கட்டும், அஞ்சு நிமிஷ வேலை. 1971 டிசம்பர்ல இருந்து 1972 ஏப்ரல் வரைக்கும் அந்த யூனிட்டோட பார்ட் டூ ஆர்டர்ல அவர் நம்பர் எங்கெல்லாம் வருதுனு தேடி, என்ன கிடைச்சுது என்ன கிடைக்கலனு எழுத்துல சொல்லுங்க. பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், ஊண்ட் மெடல், 9 வருஷ மெடல் நாலுக்கும் அவருக்கு தகுதி இருக்கா இல்லையானு தனித்தனியா பதில் வேணும், இல்லனா எந்த விதிப்படி இல்லனு வேணும். மொத்தமா என்ட்ரி இல்லனு சொல்றது பதில் இல்ல, என்ட்ரி இல்லங்கறதுதான் எங்க கேள்வி. தகுதி இருந்தா திருத்த ஆர்டர் போட்டு டிஸ்சார்ஜ் புக்ல சிவப்பு இங்க்லயோ நீல இங்க்லயோ ஏத்தி கொடுங்க. மெடல் ஸ்டாக் இல்லனா பரவால்ல, அது வர்றப்ப வரட்டும், என்ட்ரிதான் முதல்ல வேணும்.

மத்தவங்களுக்காக ஒண்ணு. உங்க ஆபீஸ் வெச்சிருக்கற பேப்பர கிழவங்ககிட்ட கேக்கறத நிறுத்துங்க. பென்ஷன் இல்லாம வந்தவங்க ஆவணத்த 25 வருஷத்துல அழிச்சிடலாம்னு விதி இருக்குனு சொல்றாங்க, அவங்களுக்கு உங்ககிட்டயும் ஒண்ணும் இருக்காது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு கூட இருந்தவர் அஃபிடவிட், ஆஸ்பத்திரி சீட்டு, பழைய லெட்டர் இதெல்லாம் ஆதாரமா எடுத்துக்குங்க. 71ல 20 வயசு இருந்தவங்களுக்கு இப்ப என்ன வயசுனு நான் சொல்ல வேண்டியதில்ல, ஏழு மாசத்துக்கு ஒரு லெட்டர் போட்டா எத்தனை லெட்டருக்கு அவங்க இருப்பாங்க.

அட்டெஸ்ட் பண்ண காப்பி எல்லாம் திரும்ப அனுப்பி இருக்கேன், அஃபிடவிட்டும் இருக்கு. ஒரிஜினல் புக்க தபால்ல அனுப்ப மாட்டோம், அது பரண விட்டு இறங்காது. ஒரிஜினல பாக்கணும்னா தேதி சொல்லுங்க, நானே அப்பாவையும் புக்கையும் ரயில்ல கூட்டிட்டு வரேன். கீழ் தளத்துல ஒரு ரூம்ல வெச்சு பாருங்க, மாடினா வேண்டாம், அவருக்கு இடது கால் ஏறாது.

இப்படிக்கு,
பட்டாளத்தார் வீட்டு மூத்த பொண்ணு